மழைக்காலத்தில் கையால் கார் கழுவுவது எப்படி: புதிதாக வண்டி வாங்கியவர்களுக்கு

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. சென்னையில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில்தான். கார் வைத்திருக்கும் பலர் இந்த மாதங்களில் கழுவுவதையே விட்டுவிடுகிறார்கள். "எப்படியும் நாளைக்குச் சேறாகத்தான் போகுது, மழையே கழுவிடும்" என்பார்கள். புதிதாக வண்டி எடுத்தவர்கள் இதை நம்பி மூன்று மாதம் சும்மா இருந்துவிடக் கூடாது. பெயின்டும் இரும்பும் அதிகம் அடிவாங்குவது இந்தப் பருவத்தில்தான். அதே சமயம், முறை தெரிந்தால் வண்டி கழுவ இதைவிட வசதியான காலமும் கிடையாது.

மழை வண்டியைக் கழுவுவதில்லை, நனைக்கிறது. கூரையும் பானெட்டும் பளிச்சென்று தெரிவதால் கழுவிவிட்டது போலத் தோன்றும். கீழே குனிந்து பாருங்கள். கதவின் கீழ்ப்பாதி, பின் பம்பர், டிக்கிக் கதவு, மட்கார்டின் உள்பக்கம் எல்லாவற்றிலும் ஒரு படலம் ஒட்டியிருக்கும். சாலையில் கிடக்கும் மணல், வண்டிகள் சிந்திய எண்ணெய், டயர் தேய்ந்த தூள் எல்லாம் சேர்ந்து சக்கரத்திலிருந்து தெறித்தது அது. எண்ணெய்ப் பசை இருப்பதால் மேலே விழும் மழைக்கு அது அசையாது. காய்ந்து, மறுபடி நனைந்து, மறுபடி காயும். அந்தச் சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தகட்டோடு ஒட்டியே கிடக்கும். மட்கார்டின் உள்விளிம்பிலும் கதவின் அடியிலும் துரு முதலில் தலைகாட்டுவது இதனால்தான். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதோடு கடல் உப்பும் சேர்ந்துகொள்கிறது.

எனவே பருவமழை முடியும்வரை வாரம் ஒருமுறையாவது கழுவுங்கள். அதிகம் ஓட்டாத வாரமாக இருந்தாலும் கீழ்ப்பாதியை மட்டுமாவது கழுவிவிடுங்கள்.

எப்போது கழுவுவது

நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்து, தூறல் மட்டும் இருக்கும் நேரம்தான் சிறந்தது. அழுக்கு ஏற்கெனவே ஊறியிருக்கும். வெயில் இல்லாததால் தகடு குளிர்ந்திருக்கும். சோப்பு நுரை காய்ந்து கறை பிடிக்காது, நிதானமாக வேலை பார்க்கலாம். சாதாரண நாட்களில் காலை ஏழு மணிக்குள் முடிக்க வேண்டிய வேலையை இந்தப் பருவத்தில் மதியம்கூடச் செய்யலாம்.

பல நாள் காய்ந்து கிடந்த பிறகு வரும் முதல் மழையை நம்ப வேண்டாம். காற்றில் இருக்கும் தூசியையெல்லாம் இறக்கிக்கொண்டு வந்து வண்டிமேல் புள்ளி புள்ளியாக விட்டுப்போவது அதுதான். கொட்டும் மழையிலும் கழுவ வேண்டாம், சோப்பு வேலை செய்யும் முன்பே ஓடிவிடும். இடி சத்தம் கேட்டால் வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போங்கள். நம் ஊரில் ஐப்பசி மாலை மழை பெரும்பாலும் இடி மின்னலோடு வருவது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வர வேண்டாம்.

தீபாவளியும் இந்தப் பருவத்துக்குள்தான் வருகிறது. மறுநாள் காலை வண்டிமேல் கிடக்கும் பட்டாசுச் சாம்பலையும் மருந்துத் தூளையும் மழை நனைத்து ஊறவிட்டால் கறை பிடிக்கும். அன்றைக்கு மட்டும் நேரம் காலம் பார்க்காமல் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

என்னென்ன வேண்டும்

இரண்டு வாளி, ஒரு மக், கார் ஷாம்பு, கையில் மாட்டிக்கொள்ளும் மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, துடைக்க இரண்டு பெரிய மைக்ரோஃபைபர் துணி, சக்கரத்துக்குத் தனியாக ஒரு பிரஷ்ஷும் பழைய துணியும். ஹோஸ் பைப் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் முடியும்.

பாத்திரம் கழுவும் சோப்பு, துணி சோப்புத் தூள் இரண்டும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகவே செய்யப்பட்டவை அவை. வண்டிமேல் பூசிய மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். மழைக்காலத்தில் அந்த மெழுகுதான் தண்ணீரை முத்து முத்தாக உருட்டிவிடுவது. அது போய்விட்டால் தண்ணீர் பரவி நிற்கும், அழுக்கும் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு வாளி எதற்கு என்று கேட்பார்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். பெயின்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத கிளியர் கோட் என்ற பூச்சு இருக்கிறது. பளபளப்பு அதிலிருந்துதான் வருகிறது. அதன் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியைவிடக் குறைவு. சாலை மணலில் இருப்பது குவார்ட்ஸ், இந்தப் பூச்சைவிடப் பலமடங்கு கடினமானது. ஒரே வாளியில் துணியை முக்கி முக்கித் தேய்த்தால், கதவில் இருந்து எடுத்த மணலையே பானெட்டில் தேய்க்கிறீர்கள். வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாகச் சிலந்தி வலை போலத் தெரியும் கீறல்கள் வருவது இப்படித்தான். எனவே ஒரு வாளியில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு பகுதி தேய்த்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் நன்றாக அலசிப் பிழிந்துவிட்டு, அப்புறம்தான் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். வெறும் தண்ணீர் கலங்கியதும் கொட்டிவிட்டு மாற்றுங்கள்.

அபார்ட்மென்ட்டில் அதிகாலையில் வந்து கழுவித் தருபவர்களிடம் விட்டிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு வாளி, ஒரு துணியில் பத்து வண்டி பார்க்க வேண்டிய நிலைமை அவர்களுக்கு. குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் வண்டிக்கென்று இரண்டு வாளியும் துணியும் நீங்களே வாங்கிக் கொடுத்து, மழைக்காலத்தில் கூடுதலாக ஆகும் நேரத்துக்குக் கொஞ்சம் பணமும் சேர்த்துக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

தண்ணீரும் இடமும்

சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் தடம் விட்டுப்போகும். மழைத் தண்ணீரில் அந்த உப்புகள் மிகக் குறைவு. மொட்டை மாடிக் குழாயில் முதல் பத்து பதினைந்து நிமிடம் அழுக்கு ஓடிப்போனதும், கீழே ஒரு டிரம் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். சோப்பு போடும் வேலை வரைக்கும் போர் தண்ணீர் போதும், கடைசியாக அலசுவதற்கு மட்டும் இந்த மழைத் தண்ணீர். வெள்ளைத் தடம் அநேகமாக இருக்காது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வற்றி நகரமே லாரித் தண்ணீருக்கு நின்றதைப் பார்த்த ஊர் இது. வானத்திலிருந்து வரும் தண்ணீரில் வண்டி கழுவுவதில் எனக்கு ஒரு நிறைவு இருக்கிறது. டிரம்மை மட்டும் மூடி வையுங்கள், திறந்து கிடந்தால் டெங்கு கொசு முட்டையிடும்.

எங்கே நிறுத்திக் கழுவுவது என்பதையும் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல அபார்ட்மென்ட்களில் பார்க்கிங் தளத்தில் இருக்கும் கம்பி மூடி நேராகச் சேகரிப்புக் குழிக்குத்தான் போகிறது. அதன் பக்கத்தில் நின்று கழுவினால் சோப்பும் எண்ணெயும் உங்கள் போர் தண்ணீரிலேயே கலக்கும். கழுவும் முன் எந்த மூடி எங்கே போகிறது என்று வாட்ச்மேனையோ சங்கத்தையோ கேட்டுக்கொள்ளுங்கள். தெருவோர மழைநீர் வடிகாலில் விடுவதும் நல்லதில்லை, கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோதான் போய்ச் சேரும். மண்தரை இருந்தால் அங்கே நிறுத்துங்கள். ஷாம்பு அளவும் பாட்டிலில் போட்டிருப்பதற்கு மேல் வேண்டாம்.

பார்க்கிங்கில் டைல்ஸ் போட்டிருந்தால் சோப்பு தண்ணீரில் வழுக்கும். ரப்பர் பிடிப்புள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள், ஈரத்தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஓட்டாதீர்கள். நேராகச் சுவரில் இருக்கும் பிளக்கில் செருகுங்கள், அந்த லைனில் ஆர்.சி.சி.பி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லை என்றால் இந்தப் பருவத்தில் வாளியே போதும்.

கழுவும் வரிசை

முதலில் சக்கரம். அழுக்கு அதிகம் இருப்பது அங்கேதான், கடைசியில் கழுவினால் கழுவி முடித்த கதவில் தெறிக்கும். ரிம்மில் இருக்கும் கறுப்புத் தூள் பிரேக் பேடு தேய்ந்தது. பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். அப்புறம் மட்கார்டின் உள்பக்கம். டயருக்கு மேலே கையை விட்டுத் தடவினால் விளிம்பில் ஒரு கோடு போலச் சேறு கெட்டியாகப் படிந்திருப்பது தெரியும். இதைப் பலர் தொடுவதே இல்லை. பழைய துணியை விரலில் சுற்றிக்கொண்டு அந்த விளிம்பு முழுக்க இழுத்து எடுத்துவிட்டு, மேலே பார்த்துத் தண்ணீர் அடியுங்கள். ஹோஸ் இருந்தால் அப்படியே வண்டியின் அடிப்பகுதிக்கும் முன்னிருந்து பின்னாக ஒருமுறை. சக்கரத்துக்குப் பயன்படுத்திய துணியும் பிரஷ்ஷும் வண்டியின் வேறு எந்தப் பகுதியையும் தொடக் கூடாது.

இரண்டாவது, கை வைக்காமல் தண்ணீர் மட்டும். கூரையிலிருந்து கீழே வரை ஊற்றி, தானாக வரும் மணலை எல்லாம் இறக்கிவிடுங்கள். மழையில் நனைந்த வண்டிக்கு இது எதற்கு என்று தோன்றும். மழை அழுக்கை ஊறவைத்திருக்கிறதே தவிர இறக்கவில்லை. கதவுகளின் கீழ்ப்பாதிக்கும் பின்பக்கத்துக்கும் இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றுங்கள். மெட்ரோ ரயில் வேலை நடக்கும் பாதையில் தினம் போகிறவர்களின் வண்டியில் சிமென்ட் கலந்த சேறு தெறித்திருக்கும். அது இறுகிவிட்டால் நகத்தால் சுரண்டாதீர்கள். வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து அதன்மேல் சில நிமிடம் வைத்தால் இளகும். பிறகு நன்றாக அலசிவிடுங்கள்.

மூன்றாவது ஷாம்பு. மேலிருந்து கீழாக: கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி, கடைசியில் கீழ்ப்பாதியும் பம்பர்களும். அழுத்தவே வேண்டாம், கையுறையின் எடையே போதும். வட்டமாகச் சுற்றாமல் நேர்கோட்டில் இழுங்கள். பறவை எச்சம் காய்ந்திருந்தால் நனைத்த துணியை அதன்மேல் போட்டு ஊறவிட்டு எடுங்கள். அதில் அமிலத்தன்மை உண்டு, நாட்கணக்கில் விட்டால் கிளியர் கோட்டில் பள்ளம் விழுந்துவிடும். கையுறை தரையில் விழுந்தால் உடனே அலசுங்கள், அலசாமல் மறுபடி வண்டியில் வைக்காதீர்கள். தார் புள்ளிகளை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் எடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. எடுத்ததும் அந்த இடத்தில் ஷாம்பு போட்டுக் கழுவிவிடுங்கள், கதவு, கண்ணாடி ஓரத்தில் இருக்கும் ரப்பர் பட்டை (பீடிங்) பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

நான்காவது அலசல். இதற்குத்தான் மழைத் தண்ணீர். தூறல் கொஞ்சம் பலமாக இருந்தால் அதுவே பாதி வேலையைச் செய்துவிடும்.

தூறிக்கொண்டிருக்கும்போது துடைப்பதா?

கூரைக்கடியில் நிறுத்த முடியும் என்றால் துடையுங்கள். மைக்ரோஃபைபர் துணியை விரித்துப்போட்டு, தேய்க்காமல் மெதுவாக இழுத்தால் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். கூரை இல்லை, தூறல் நிற்கவும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். மழைத் தண்ணீர் தானாகக் காய்ந்தால் பெரிய தடம் வராது. கதவு இடுக்கு, டிக்கி விளிம்பு, பெட்ரோல் மூடியின் உள்பக்கம் மட்டும் ஒருமுறை துடைத்தால் போதும்.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. சேறு படிந்த வண்டியைத் தண்ணீர் ஊற்றாமல் மஞ்சள் துணியாலோ இறகுத் துடைப்பத்தாலோ துடைப்பது. மழை விட்டதும் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் எல்லோரும் செய்வது இதுதான். அந்த ஐந்து நிமிடத்தில் விழும் கீறல் பாலிஷ் போடாமல் போகாது. அவசரம் என்றால் முன் பின் கண்ணாடி, சைடு மிரர், விளக்குகள், நம்பர் பிளேட் இவற்றைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள், பாக்கி அப்படியே இருக்கட்டும். அழுக்கு வண்டிமேல் கவர் போடுவதும் இதே கதைதான். காற்றில் கவர் ஆட ஆட மணல் தேய்க்கும், அடியில் ஈரமும் தங்கும்.

அடைத்துக்கொள்ளும் ஓட்டைகள்

கழுவி முடித்ததும் ஒரு பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். முன் கண்ணாடியின் அடியில், வைப்பர் இருக்கும் பகுதியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது. மரத்தடியில் நிறுத்துபவர்களுக்கு அங்கே தூங்குமூஞ்சி மரத்து இலையும் பெருங்கொன்றைப் பூவும் அடைந்து கிடக்கும். அந்த வழியாகத்தான் மழைத் தண்ணீர் வடிய வேண்டும். வண்டிக்குள் காற்று போவதும் அங்கிருந்துதான். அடைத்தால் தண்ணீர் உள்ளே கசிந்து, முன்சீட்டுக் காலடிக் கார்ப்பெட் ஊறும், ஏ.சி போட்டால் அழுகிய வாடை வரும். பானெட்டைத் திறந்து இலைகளைக் கையால் அள்ளுங்கள். தண்ணீர் அடித்துத் தள்ள வேண்டாம், இன்னும் உள்ளே போய் அடைக்கும். பானெட்டைத் திறக்கும்போதே எலி புகுந்த அடையாளம், கடித்த ஒயர் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். மழைக்கு ஒதுங்க எஞ்சின் சூடு அதற்கு ரொம்பப் பிடித்த இடம். எஞ்சின்மேல் தண்ணீர் அடிக்கும் வேலை மட்டும் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கதவைத் திறந்து அதன் அடிவிளிம்பைத் தடவினால் சின்னச் சின்னத் துளைகள் தட்டுப்படும். கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் போகும் தண்ணீர் வெளியேறும் வழி அவை. சேறு அடைத்தால் தண்ணீர் கதவுக்குள்ளேயே நிற்கும். பிரேக் போடும்போது சளக் சளக் என்று சத்தம் கேட்டால் அதுதான். ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். சன்ரூஃப் இருக்கும் வண்டியில் அதன் மூலைகளிலும் வடிகுழாய்த் துளை உண்டு. அங்கே குச்சி விடாமல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, கீழே இறங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

கண்ணாடி

இரவு மழையில் எதிர்வண்டி வெளிச்சம் கண்ணாடியில் சிதறிக் கண் கூசுகிறதா? சாலை எண்ணெய்ப் படலம் படிந்திருக்கும். ஷாம்பு மட்டும் போட்டால் போகாது. கண்ணாடிக்கென்று விற்கும் கிளீனரைத் துணியில் அடித்து வெளிப்பக்கமும் உள்பக்கமும் துடையுங்கள். வைப்பர் ரப்பரைத் தூக்கி ஈரத்துணியால் ஒரே இழுவையில் துடைத்தால் கறுப்பாக வரும். கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். அப்படியும் கோடு விழுந்தால் ரப்பர் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

உள்பக்கமும் நிறுத்துவதும்

மிதியடிகளை எடுத்துக் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே போடுங்கள். காயும்வரை கீழே பழைய செய்தித்தாள் விரித்து வைத்தால் அது கார்ப்பெட்டில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தாளைத் தினம் மாற்றுங்கள். அடுத்தமுறை ஓட்டும்போது வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து ஏ.சியைப் போட்டால் உள்ஈரம் குறையும். ஈரத்தோடு நாட்கணக்கில் பூட்டி வைத்தால் சீட்டிலும் பெல்ட்டிலும் பூசணம் பிடித்துவிடும்.

கழுவியவுடன் நேராகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். தெருவில் ஒரு சுற்று ஓட்டி, நான்கைந்து முறை பிரேக்கை மெதுவாக அழுத்துங்கள். டிஸ்க்கில் தெரியும் செம்பழுப்புத் துரு மேலோட்டமானது, அதிலேயே போய்விடும். பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டியை ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டுப் பல நாள் விட்டால் ஒட்டிக்கொள்ளும். அதனால் சமதரையில் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து வையுங்கள்.

தேங்கிய தண்ணீரில் போய் வந்த வண்டி

சக்கரம் பாதி மூழ்கும் தண்ணீரில் ஓட்டியிருந்தால் வாரக் கணக்கு பார்க்காமல் அன்றைக்கே கழுவுங்கள். அது வெறும் மழைத் தண்ணீர் இல்லை, சாக்கடையும் கலந்தது. காலில் சிறு புண் இருந்தாலும் அந்தச் சேற்றில் வெறுங்காலோடு நிற்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. ரப்பர் பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொண்டு, அடிப்பகுதியையும் மட்கார்டு உள்பக்கத்தையும் நிறைய நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள்.

நிறுத்தியிருந்த இடத்திலேயே தண்ணீர் ஏறி உள்ளே புகுந்துவிட்டால் நிலைமை வேறு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஆயிரக்கணக்கான வண்டிகள் அப்படி நின்றன. அதனால்தான் 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் வண்டிகளை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினார்கள். மூழ்கிய வண்டியைத் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கத் தோன்றும், சாவியைத் தொடாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் அந்த ஒரு முயற்சியிலேயே கனெக்டிங் ராடு (எஞ்சினுக்குள் பிஸ்டனை இணைக்கும் தண்டு) வளைந்துவிடலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லி, வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் ஒர்க்ஷாப்புக்குப் போக வேண்டும். கழுவவும் அவசரப்படாதீர்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதற்குக் கதவிலும் சீட்டிலும் இருக்கும் சேற்றுக்கோடுதான் அத்தாட்சி. அதை நாலு பக்கமும் படம் எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்த பிறகு வாளியை எடுங்கள்.